எப்போ போனா நல்லது?

“சார், பசங்களை உங்க பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போகணும். எந்த மாசம் போனா நல்லது?”

எதிர்வீட்டுக்காரர் கேட்டதுமே மெக்கானிக்குக்கு உற்சாகம் வந்துவிட்டது. கேளிக்கைப் பூங்காவில் அவருக்குப் பதினோரு வருஷ சர்வீஸ். ரோலர் கோஸ்டர் முழுக்க அவர் பொறுப்பு.

“லீவு மாசத்துல போயிடாதீங்க சார். ஒரு ரைடுக்கு ஒன்றரை மணி நேரம் நிக்கணும். மழைன்னா பாதி ஓடாது. இப்பதான் சரியான நேரம். வெயிலும் இல்ல, மழையும் இல்ல. அதுலயும் புதன்கிழமை பாருங்க, ஈ காக்கா இருக்காது. வர்ற இருபதாம் தேதி புதன். போயிட்டு வாங்க.”

“அந்த ரோலர் கோஸ்டர்தான் கொஞ்சம் பயமா இருக்கு.”

“பயமா? தினமும் காலையில ஒவ்வொரு போல்ட்டா பார்த்து, நான் கையெழுத்துப் போட்டாத்தான் வண்டியே நகரும். கண்ணை மூடிட்டு ஏத்துங்க.”

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிர்வீட்டுக்காரர் போகும்வரை காத்திருந்தாள்.

“ஊருக்கெல்லாம் நாள் குறிச்சுக் கொடுக்கறீங்க. நம்ம பொண்ணுக்கு ஒன்பது வயசாச்சு. ஒரு தடவை கூட்டிட்டுப் போயிருக்கீங்களா?”

“போலாம், போலாம்.”

“எப்போ? கோடையில கேட்டா வெயில். லீவுல கேட்டா கூட்டம். மழையில வழுக்கும். இப்ப என்ன?”

“பனி. சளி பிடிச்சுக்கும்.”

“இப்பதான் சரியான நேரம்னு அவர்கிட்ட சொன்னீங்க!”

“நான் குளிக்கப் போறேன்.”

குளித்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை அந்த மனுஷனுக்கு.

அவளுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. பெற்ற பொண்ணைக்கூட உள்ளே விடாமல் அங்கே எதை மறைக்கிறார்? யாரை மறைக்கிறார்? கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அவர் வேலைக்குப் போனதும் பொண்ணைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

“அம்மா, அதோ அப்பாவோட வண்டி! நான் மட்டும் போறேன். நீ கத்துவ.”

பொண்ணு முதல் பெட்டியில் முதல் ஆளாக உட்கார்ந்தாள். இரும்புக் கம்பி இறங்கி மடியில் பூட்டிக்கொண்டது. அம்மா ஆபரேட்டர் கூண்டுக்குப் பக்கத்தில், பொண்ணின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வண்டி மெல்ல மேலே ஏறத் தொடங்கியது.

“அப்பா!”

கருவிப் பையோடு அந்தப் பக்கம் வந்த மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

“நிறுத்து! டேய், நிறுத்துடா!”

ஓடி வந்தார். ஆபரேட்டரைத் தள்ளிவிட்டு, சிவப்புப் பட்டனை ஓங்கி அடித்தார். இரண்டாள் உயரத்தில் வண்டி குலுங்கி நின்றது. மேலே எல்லோரும் அலறினார்கள். தண்டவாளத்தை ஒட்டிய படிகளில் தாவி ஏறி, கம்பியை விடுவித்து, பொண்ணை அள்ளிக்கொண்டு இறங்கினார்.

“அப்பா, வலிக்குதுப்பா. இவ்ளோ இறுக்காத.”

மற்றவர்களையும் ஒவ்வொருவராக இறக்கினார்கள். மேனேஜர் மூச்சிரைக்க வந்தார்.

“என்னய்யா ஆச்சு? ஏதாவது சத்தம் கேட்டுச்சா?”

“இல்ல சார்.”

“பின்ன என்ன?”

“பார்க்கணும் சார். எல்லாத்தையும் பார்க்கணும்.”

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மறுபடி மேலே ஏறி, முதல் பெட்டிக்கு அடியில் நுழைந்தார்.

வரிசையில் நின்ற ஒருவர் சத்தம் போட்டார். “இதுக்கா ஒரு மணி நேரம் கால் கடுக்க நின்னோம்? ஆளை மாத்துங்கய்யா!”

“வாயை மூடுங்க!” மனைவிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “உங்க பிள்ளைங்க நல்லதுக்குத்தானே என் வீட்டுக்காரர் பார்க்கறார்?”

அப்போது பெட்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

“சார்… இந்த போல்ட் கையிலேயே சுத்துது.”

பொண்ணு உட்கார்ந்திருந்த பெட்டி. அம்மா பொண்ணை இழுத்து அணைத்துக்கொண்டாள். இப்படிப்பட்ட மனுஷனையா சந்தேகப்பட்டோம் என்று வெட்கமாக இருந்தது.

“சாமி மாதிரி வந்தாரும்மா உன் வீட்டுக்காரர்” என்றார் சத்தம் போட்ட அதே ஆள். பிறகு தலையைச் சொறிந்தார். “ஆனா இதெல்லாம் காலையிலயே பார்த்துட மாட்டாங்களா?”

“பார்க்காம என்ன? தினமும் ஒவ்வொண்ணா பார்த்து எழுதி வைப்பார். இதோ பாருங்க.”

கூண்டு ஜன்னலில் கயிறு கட்டித் தொங்கிய ஃபைலைப் பெருமையாக எடுத்துப் பிரித்தாள். பக்கத்துக்கு ஒரு தேதி. தேதிக்கு நாற்பது கட்டம்.

பத்தாம் தேதி. நாற்பது கட்டத்திலும் டிக். கீழே கையெழுத்து.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கையில் சுற்றுகிற போல்ட்டுக்கு எப்படி டிக் விழுந்தது? அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். பதினொன்று. நாளைய தேதி. அங்கேயும் நாற்பது டிக். பன்னிரண்டு, பதிமூன்று… புரட்டிக்கொண்டே போனாள்.

எதிர்வீட்டுப் பிள்ளைகள் வரப்போகிற இருபதாம் தேதி புதன்கிழமைக்கும் கையெழுத்து ரெடியாக இருந்தது.