தோணியைத் திருப்பிய சாவு

“செத்திற்றாள்!”

பாதி வாவியில் நல்லரத்தினத்தின் வாயிலிருந்து அது தானாகத்தான் விழுந்தது. தோணிக்காரர் உசனார் ஊன்றிய கோலோடு திரும்பிப் பார்த்தார். சந்தைக்குக் கொண்டுபோகும் இறால் கூடைக்குப் பக்கத்தில் குந்தியிருந்த இராசாத்தி, வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள்.

மீசை அரும்பின பொடியன் நல்லரத்தினம், அவர்களுக்கு முன்னால் விம்மி விம்மி அழுதான். சீனியர் பரீட்சைக்குக் குறித்திருந்த பழைய இங்கிலீசுப் புத்தகத்தை மடியில் மூடி, ஒரு விரலை மட்டும் உள்ளே விட்டிருந்தான்.

“ஆரு மனே?” என்றாள் இராசாத்தி.

“ஒரு பொண்டு. சின்ன வயசு.”

“என்ன வருத்தம்?”

“காய்ச்சல். புருசன் வருவான் வருவானெண்டு வாசலையே பாத்துக் கிடந்தவள்.”

“வந்தானா?”

“வரல்ல.”

“கட்டையில போவான்!” இராசாத்தி வாவிக்குள் காறித் துப்பினாள். “புள்ளகுட்டி?”

“ஒண்டு. கைப்புள்ள.”

அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. போன மாதம் வரைக்கும் அந்தச் செத்தவளைக் கண்டாலே அவனுக்குக் கொட்டாவி வரும். கூட்டாளிமாருக்கு முன்னால் அவளைப் போலப் பேசிக் காட்டிச் சிரித்திருக்கிறான். பழகப் பழகத்தான் அவள் எப்பேர்ப்பட்டவள் என்று விளங்கியது. விளங்கிய கையோடு போய்விட்டாள்.

“பொணத்தோட ஆர் தம்பி நிக்கிற?” என்று உசனார் கேட்டார்.

“ஒரு கிழவன் மட்டுந்தான்.”

“தூக்க ஆளில்லாத மையித்தை விட்டுப்போட்டுப் பள்ளிக்கூடமா போறாய்? ஆம்பிளப் புள்ளைக்கு இது வெக்கமா இல்லையா?” உசனார் கோலை மறுபக்கம் ஊன்றித் தோணியை வந்த வழிக்கே திருப்பினார்.

“வேணாம் உசனார் காக்கா, திருப்பாதீங்க...”

“பேசாம இரி. நாலு பேரில ஒராளா நானும் புடிக்கன்.”

“உங்கட றால், அக்கா?”

“இந்த வெயிலுக்கு நாறித்தான் போகும். நாறட்டும் மனே. றால் நாளைக்கும் படும்.”

அந்த றால் விற்றால்தான் இன்றைக்கு அவள் வீட்டில் உலை. ஊர் முழுக்கத் தெரிந்த சங்கதி, அவனுக்கும் தெரியும். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தான். ஒவ்வொரு ஊன்றலுக்கும் சந்தைக் கரை தள்ளிப் போனது. தள்ளிப் போகப் போகச் சொல்வது இன்னும் கஷ்டமாயிற்று.

இராசாத்தி கொண்டையை அவிழ்த்தாள். கண்ணால் காணாத அந்தப் பெண்பிள்ளையின் அழகையும் அருமையையும் சொல்லிச் சொல்லி ஒப்பாரி வைத்தாள். ஊர்க்கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் தலைத்துண்டை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு, தோணியைப் பிடித்து இழுக்கத் தண்ணீருக்குள் இறங்கி வந்தார்கள்.

“தம்பி, எப்ப எடுக்கிற?” என்று மூச்சு வாங்கக் கேட்டார் உசனார்.

நல்லரத்தினம் தலையை நிமிர்த்தவேயில்லை.

“அடுத்த அத்தியாயம் இன்னும் படிக்கல்ல, காக்கா.”