பிறவி இங்கிலீஷ்

"பாரும்மா, இதுதான் பிறவி இங்கிலீஷ்! ஆலிவர்னு ஒரு பையன், லண்டன்லயே பிறந்து வளர்ந்தவன்." பேராசிரியர் ஸ்ரீனிவாசராகவன் அந்தக் கட்டுரையைத் திருப்பதி மலைப் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். இரண்டு பாரா உரக்கப் படித்தும் காட்டினார்.

லண்டனில் பாடம் நடத்தும் அவர் மகள் ஸுப்ரஜா அனுப்பியது. அவள் வகுப்பில் அதற்குத்தான் முதல் மார்க்காம்.

எதிரே நின்றவள் லீனா, அவரிடம் ஆராய்ச்சி செய்பவள். இங்கிலீஷ்காரப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் கட்டுரையில் வாசகரை எப்படிக் கைபிடித்து அழைத்துப் போகிறார்கள் என்பதுதான் அவளுடைய நாலு வருஷ தீசிஸ். இன்று சாயங்காலத்துக்குள் அவர் கையெழுத்துப் போடாவிட்டால் ரிஜிஸ்ட்ரேஷனே கேன்சல்.

"உன்னோடதும் இருக்கே! 'முதலில் இதைப் பார்ப்போம்', 'முன்பே சொன்னபடி'ன்னு... வடமாலபேட்டை இறங்கு, புத்தூர் இறங்குன்னு கண்டக்டர் கத்தற மாதிரி!"

"ஆலிவரும் அதையேதான் சார் எழுதிக்கினு இருக்கான்."

"அவன் எழுதினா வழிகாட்டறது. நீ எழுதினா வளவளப்பு. அதெல்லாம் தாய்ப்பாலோட வரணும்! சித்தூர் கம்பெனில போன மாசம் வரைக்கும் ரெண்டு வருஷம் வெளிநாட்டுக்காராளுக்கு வேலை பார்த்தியே, என்னத்தைக் கத்துண்டே?"

லீனாவுக்குச் சுரீரென்றது. நாலு வருஷமாக இதே பாட்டு. மனுஷி எவ்வளவுதான் பொறுப்பாள்?

அவர் கையிலிருந்த தாளைப் பார்க்காமலே கடைசிப் பாராவைக் கடகடவென்று ஒப்பித்தாள். அவர் அவசரமாகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அந்தக் கம்பெனில எங்க வேலையே அதான் சார். வெளிநாட்டுல படிக்கிற பசங்களுக்குக் கட்டுரை எழுதித் தர்றது. இது நான் எழுதினது."

சொன்ன பிறகுதான் அவளுக்குக் கையெழுத்து ஞாபகம் வந்தது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, கட்டுரையை முதலிலிருந்து படித்தார். அப்புறம் பேனாவைத் திறந்தார்.

அப்பாடா, கையெழுத்து! லீனா தன் தீசிஸை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் அதைத் தொடவே இல்லை. ஆலிவரின் கட்டுரையில் ஒரு வார்த்தையைச் சிவப்பில் சுழித்தார்.

"அதானே பார்த்தேன், முதல் வரியிலேயே தப்பு!"