வேதமாணிக்கம் சாரின் குடை

"சாரே! நேத்தைக்கு உள்ள கேள்விக்குப் பதில் எங்க?"

இடவப்பாதிப் பருவமழையில் தலையோடு கால் நனைந்துகொண்டு வாசலில் நின்றான் கருணாகரன்.

அடுக்களையில் சத்தியபாய் பல்லைக் கடித்தாள். வந்துவிட்டான். இன்றோடு பதினாறு நாள்.

எல்லைப் போராட்டம் சூடாக நடந்த சமயம் அது. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் மலையாள நாட்டை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர்வலம் போனதற்காக, அவள் கணவர் வேதமாணிக்கம் சாருக்கு வாத்தியார் வேலை போயிற்று. அன்று சுவரைப் பார்த்துப் படுத்தவர், அதற்குப் பின் அபூர்வமாகத்தான் வாசலைத் தாண்டினார். சத்தியபாய் லேஸ் பின்னி விற்றுக் கஞ்சி காய்ச்சினாள். "நான் உனக்கு ஒரு பாரம்" என்று அவர் அடிக்கடி சொல்வார்.

இப்படிப்பட்ட மனுஷரைத்தான் சைக்கிள் கடைக் கருணாகரன் தினமும் வம்புக்கு இழுத்தான். போதாததற்கு அவருடைய நல்ல குடையையும் வாங்கி வைத்திருந்தான். அதைப் பிடித்துக்கொண்டாவது வருகிறானா என்றால், அதுவும் கிடையாது. கிறுக்கன்.

"இது மலையாள நாடாக்கும், சாரே! தமிழ்நாட்டில சேந்தா உங்களுக்கு மரச்சீனிக் கிழங்கு கிட்டுமா?"

"எலே, மரச்சீனி பாஷையிலயா வளருது? மண்ணுலயாக்கும் வளருது!"

"பொழியூர்ச் சாளை மீன்?"

"அதுக்கென்ன?"

"அது மலையாளத்திலதான் நீந்தும்!"

"போலே, கிறுக்கா!" சார் கட்டிலை விட்டு எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார். "வலை இழுக்கிறவன் எந்தப் பாஷையில கத்துறான்னு அங்க போய்க் கேளு!"

"செரி. இந்த ஊர்ல தமிழ் இருந்ததுக்கு என்ன ஆதாரம் உண்டு? பழைய ரெக்கார்டு ஒண்ணு காட்டுங்க."

சார் வாயைத் திறப்பதற்குள் அவன் திரும்பிவிட்டான்.

"பதில் நாளைக்குப் போதும், சாரே!"

மழைக்குள் போயே போய்விட்டான்.

"தெண்டி! நாளைக்கு வரட்டும்!" சாருக்கு மூச்சு வாங்கியது. "சத்தியபாய், அந்தக் கிழங்கு இன்னும் கொஞ்சம் வையி. சவரக்கத்தி எங்க?"

கிழங்கை வைத்தாள். ஆனால் மனசு ஆறவில்லை. இந்த வயதில் இப்படிக் கத்தினால் நெஞ்சடைத்துப் போகாதா? ஒரு வாழையிலையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நேரே கருணாகரன் வீட்டுக்கு நடந்தாள்.

அவன் தலை துவட்டிக்கொண்டிருந்தான். சுவர் ஆணியில், துளி ஈரமில்லாமல் சாரின் குடை தொங்கியது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கருணாகரா, உனக்கு மனசாட்சி உண்டா? வேலை போன மனுஷனுக்க குடையையும் வாங்கிட்டு, அவருகிட்டயே வந்து மலையாள நாடுன்னு சண்டை போடுதியே!"

கருணாகரனின் மனைவி சரசம்மா சிரித்துவிட்டாள்.

"இவரா மலையாள நாடு? நீங்க வேற அக்கா! சாரு படுத்த பிறகு, தமிழ்நாட்டோட சேக்கணும்னு சாரு எழுதின மனுவை வீடு வீடாக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குறது ஆருன்னு நினைக்கிய? இவராக்கும்!"

சத்தியபாய் கருணாகரன் பக்கம் திரும்பினாள். "பின்னே எதுக்கு இந்தச் சண்டை?"

கருணாகரன் துவட்டுவதை நிறுத்திவிட்டுக் குடையைப் பார்த்தான்.

"அக்கா, நான் இதைக் கேட்டு வாங்கல்ல. அவரே கடைக்கு வந்து தந்தாரு. 'வச்சுக்கோ மக்கா, எனக்கு இனி வேண்டாம்'னாரு. எடவப்பாதி தொடங்கின அண்ணைக்கு! நம்ம நாட்டில மழை தொடங்கும்போது எவனாவது குடை வேண்டாம்னு சொல்லுவானா?"

சத்தியபாய்க்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நேராவே கேட்டேன், 'சாரே, சாகணும்னு தோணுதா'ன்னு. அழுதாரு. நானும் ஆறுதல் சொன்னேன். எல்லாத்துக்கும் செரி, செரின்னு தலையாட்டினாரு. அந்தச் 'செரி'யில எனக்கு நம்பிக்கை வரல்ல. முப்பது வருஷம் வாத்தியாரு. தப்பாச் சொன்னா திருத்தாம அவருக்கு இருப்புக் கொள்ளாது. அதான் தினம் ஒரு தப்போட வாறேன். உங்ககிட்ட அண்ணைக்கே சொல்லாதது என் பிழை, அக்கா."

அவளுக்குக் கண் நிறைந்தது. பதினாறு நாளாக இவனை எத்தனை சபித்திருக்கிறாள்!

"குடையையாவது பிடிச்சிட்டு வரப்படாதா?"

"விரிச்சா எனக்குள்ளது ஆயிருமே. அவருக்குள்ளதை அவரே கேக்கட்டும்."

அப்போது வெளியே ஒரு கூப்பாடு.

"எலே கருணாகரா! வெளிய வாலே!"

வேட்டியை மடித்துக் கட்டி, மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு, மழையில் தொப்பலாக நின்றுகொண்டிருந்தார் வேதமாணிக்கம் சார்.

"நெய்யாற்றின்கரை ஆபீசுல பழைய ரெக்கார்டு உண்டுலே! அடுத்த பஸ்ஸுக்குப் போறேன். நாளைக்கு உன் வாயை அடைக்கேனா இல்லையா, பாரு!" மனைவியைக் கண்டதும் நிறுத்தினார். "நீ இஞ்ச எதுக்கு வந்த?"

சத்தியபாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சண்டை போட வந்தேன்."

"நல்லா போடு, விடாதே!" என்றவர், கருணாகரனுக்கு முன் கையை நீட்டினார்.

"என்னலே முழிக்க? என் குடையை எடு! மழைக்காலம் முழுசும் கிடக்கு, குடையில்லாம நான் எப்படிலே நடப்பேன்?"