முலாமுக்கு அடியில்

விமானத்தின் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் காலை மருந்துத் தொட்டியிலிருந்து தூக்கியபோது பழைய முலாம் முழுக்கக் கரைந்து போயிருந்தது. ரெஜினா தண்ணீர் விட்டு அலசினாள். வெறும் இரும்பின் மேல் துருக்கறையாக ஒரு பெருவிரல் ரேகை தெரிந்தது. அதன் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு. தேங்காய் கீறும்போது கத்தி பட்ட கணவனின் அந்த விரலுக்கு அவள்தான் துணி சுற்றிவிட்டாள். லூர்து இறந்து நான்கு வருடமாகிறது. அவன் பார்த்த வேலையைத்தான் அவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

சோதிக்க வந்த புது அதிகாரி குனிந்து பார்த்தார். "முலாம் போடுறதுக்கு முன்னாடி வெறுங்கையால தொட்டிருக்கான். எந்த மடையனோ! நல்லாத் தேய்ச்சிரும்மா. விட்டா புது முலாமுக்கு அடியில மறுபடி துரு ஏறும்."

அவள் உப்புத்தாளை எடுத்து ஓரத்திலிருந்து தேய்த்தாள். ரேகைகள் ஒவ்வொன்றாக அழிந்தன. கடைசியில் தழும்பும் போனது.

"போயிடுச்சாம்மா?" என்று தூரத்திலிருந்து கேட்டார் அதிகாரி.

"இன்னும் கொஞ்சம் இருக்கு சார்" என்றாள், பளபளத்த இரும்பிலிருந்து கையுறை போட்ட கையை எடுக்காமல்.