முதல் தடவையே சுத்தம்

ஞானசேகரன் எழுதும் நிரலில் பிழையே இருக்காது என்பது அந்த அலுவலகத்தின் ஐதீகம். அதைக் காப்பாற்றுவதற்காக, வேலை இன்னும் நிரந்தரமாகாத பூங்கோதை அவர் நிரலில் பிழை கண்டுபிடித்துத் திருத்திய மூன்று வரிகளை, தான் போன வாரம் தன் பெயரில் பதிவுசெய்த நிரல் மாற்றத்துக்குள்ளேயே, அந்தக் கமிட்டுக்குள்ளேயே, மடித்துச் சேர்த்துவிட்டார். யார் எதை மாற்றினார்கள் என்று காட்டும் நிரல் வரலாற்றில் இப்போது பிழையும் இல்லை, அவள் பெயரும் இல்லை.

கூட்டத்தில் மேலாளர் உருகினார். "முதல் தடவையே எவ்வளவு சுத்தம் பாருங்க. ஞானசேகரன், இந்த மூணு வரியைப் பூங்கோதைக்கு விளக்குங்க. வேலை நிரந்தரமாகணும்னா இதெல்லாம் தெரிஞ்சிருக்கணும்ல."

பலகை முன் நின்றவர் தொண்டையைச் செருமினார். மூன்றாவது வரி எதற்கென்று அவருக்கே விளங்கியிருக்கவில்லை.

"ஒரே ஆர்டர் ரெண்டு தடவை பதிவாகாம இருக்கறதுக்குத்தானே சார்?" என்று மெல்ல எடுத்துக்கொடுத்தாள் பூங்கோதை.

"பரவாயில்லையே, சார் சொல்லித்தர்றதுக்கு முன்னாடியே பிடிச்சுக்கறீங்க," என்றார் மேலாளர்.

அவள் சொன்னதைப் பலகையில் எழுதி முடித்த பிறகும் ஞானசேகரன் திரும்பவில்லை.