ஐந்து கிலோமீட்டர் பொய்

ஸ்வெட்டரைத் தலைவழியாக இழுத்தபோது கலீலுல்லாவின் கை பாதியில் சிக்கிக்கொண்டது.

கம்பளி இருட்டுக்குள் நின்றபடியே மணி என்ன என்று கேட்டார். ஐந்து ஐம்பது என்றாள் மனைவி ஜஹபர் நிஷா. ஆறு மணிக்கு மாப்பிள்ளையின் அப்பா வாசலில் நிற்பார்.

புதுச்சேரியில் அன்று கடுங்குளிர். இருபத்தொரு டிகிரி.

பெரிய மார்க்கெட் பக்கத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கும் கலீலுல்லா, முப்பது வருஷமாகக் கல்லாவை விட்டு அதிகம் எழுந்ததில்லை. கடைசியாக ஓடியது விழுப்புரம் பஸ்ஸைப் பிடிக்க. பஸ் கிடைக்கவில்லை.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்தலாம் என்பார்கள். அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

போன வெள்ளிக்கிழமை மகள் ரூமானாவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜியை எடுத்துக்கொண்டே, குடும்பத்தில் யாருக்காவது சுகர் உண்டா என்று விசாரித்தார். தங்கள் பக்கம் ஏழு தலைமுறையாக யாருக்கும் கிடையாதாம். பேரப்பிள்ளைகள் ஆரோக்கியமாகப் பிறக்க வேண்டுமாம்.

நாலு வருஷமாகக் காலையில் ஒன்றும் ராத்திரியில் ஒன்றுமாக மாத்திரை விழுங்கும் கலீலுல்லா, கண்ணை மூடித் திறப்பதற்குள் பதில் சொல்லிவிட்டார். சுகரா, எனக்கா, தினமும் பீச்சில் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறவனுக்கா?

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஜக்கரியா மட்டும் சிரிக்கவில்லை. கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு, தானும் ஓடுகிறவன்தான், ஞாயிற்றுக்கிழமை சேர்ந்தே ஓடலாம், ஸ்கூட்டரில் வந்து அழைத்துப் போகிறேன் என்றார்.

அந்த நிமிஷத்திலிருந்து கலீலுல்லாவுக்குச் சோறு இறங்கவில்லை. சுகருக்கு அது நல்லதுதான்.

குளிரில் ஓடுவது எப்படி என்று ஒரு வீடியோவை மூன்று தடவை பார்த்தார். மூன்று அடுக்காக உடுத்த வேண்டுமாம். முதல் அடுக்கு வேர்வையை வெளியேற்ற, இரண்டாவது சூட்டைப் பிடித்துவைக்க, மூன்றாவது காற்றைத் தடுக்க. சொன்னவர் முழங்கால் அளவு பனியில் நின்று சொன்னார். கலீலுல்லா மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதிக்கொண்டார்.

முதல் அடுக்கு, கை வைத்த பனியன். இரண்டாவது, கல்யாணமான புதிதில் ஊட்டியில் வாங்கிய ஸ்வெட்டர். அன்றைய மாப்பிள்ளையின் அளவு அது. மூன்றாவது, பாரீசில் இருக்கும் மச்சான் விட்டுப்போன ஜாக்கெட். அதைப் போட்டதும் கைகள் உடம்போடு ஒட்டாமல் தனியாக நின்றன.

காதில் பஞ்சு. அதன்மேல் குரங்குக் குல்லா. அதன்மேல் மப்ளர்.

காலுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ். இது மட்டும் குளிருக்காக அல்ல. இடது கட்டைவிரலில் இரண்டு மாதமாக ஆறாத புண் ஒன்று இருந்தது. அதன் கட்டு வெளியே தெரியக்கூடாது.

“ஏங்க, ஓடத்தான் போறீங்களா, இல்ல ஒரேயடியா பாரீசுக்கே கெளம்பிட்டீங்களா?” என்றாள் ஜஹபர் நிஷா. கேட்டுக்கொண்டே குனிந்து லேஸைக் கட்டிவிட்டாள். குனிய அவரால் முடியவில்லை.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது. இதற்கு முன் வந்த மூன்று வரன்களையும் ரூமானா வேண்டாம் என்றவள். வெள்ளிக்கிழமை இரவு மட்டும், கேட்காமலேயே, “இவங்க பரவால்ல” என்றாள். அவள் வாயிலிருந்து ‘பரவால்ல’ வந்தால் சம்மதம் என்று அர்த்தம்.

அப்பன் நூறு அடி ஓடி மூச்சு வாங்கி உட்கார்ந்தால் அந்தச் சம்மதமும் அவனோடு உட்கார்ந்துவிடும்.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

உள்ளே வந்த ஜக்கரியாவைப் பார்த்து ஜஹபர் நிஷா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவரும் குல்லா, அவரும் மப்ளர். கூடுதலாகக் கம்பளிக் கையுறை. நெற்றியிலிருந்து வேர்வை வடிந்து மூக்கு நுனியில் தொங்கியது. இமயமலைக்கு வழி தவறிய இரண்டு பேர் போல ஒருவரை ஒருவர் பார்த்து, குளிர் அதிகம்தான் என்று ஒப்புக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியாது. ஜஹபர் நிஷா டீ கொண்டுவந்தாள். கல்யாணக் காரியமாயிற்றே. புருஷனின் டம்ளரிலும் தாராளமாக இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு, சம்பந்தப்பட்டவர் காதில் விழும்படி கலக்கினாள்.

நாலு வருஷத்துக்குப் பிறகு இனிப்பு டீ. மகளுக்காக விஷத்தையே குடிக்கலாம், இது என்ன என்று கலீலுல்லா பிஸ்மில்லா சொல்லி டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனார்.

ஜக்கரியா கையுறையைக் கழற்றினார். கையை நீட்டி அந்த டம்ளரை வாங்கி, தன் டம்ளருக்குப் பக்கத்தில் தட்டிலேயே வைத்தார்.

“சம்மந்தியம்மா, ரெண்டு டீயும் சக்கர இல்லாம கொண்டாங்க. பொண்ணு பாக்க வந்ததுக்கு மொத நாளு, லேப்புல சுகருக்கு ரத்தம் குடுக்க இவருக்கு ரெண்டு ஆளு பின்னாடி நான்தான் உக்காந்திருந்தேன்.”