பாடாத பெட்டி

"சாயங்காலம் பழைய கம்ப்யூட்டர் இசைப் போட்டி! இந்த நேரம் பாத்து வாயைத் திறக்க மாட்டேங்குதே!"

மனைவி தன் பழங்காலக் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றியிருந்தாள். திரை எரிந்தது. அவள் போட்ட மெட்டுதான் கேட்கவில்லை.

"வயர் கோளாறா இருக்கும்," என்றான் கணவன், திருட்டு முழியோடு.

"வயரை மாத்தியாச்சு. கரன்ட்டும் சரியா வருது. சவுண்டு சிப்தான் போயிடுச்சு."

அவனிடமும் அதே மாடல் உண்டு. போன வாரம் அது ஊமையானதும், அவள் குளிக்கப் போன நேரத்தில் இரண்டு சிப்பையும் இடம் மாற்றிய புண்ணியவான் அவன்தான்.

அவள் கண் கலங்கியதும் தாங்கவில்லை.

"திட்டாதே. உன் நல்ல சிப் என் பெட்டியில இருக்கு. நான்தான் மாத்தினேன்."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஐயோ, அது உங்க சிப்புதாங்க! என்னோடது செத்ததும் முதல்ல மாத்தி வச்சதே நான்தான். உங்களதையும் சாகடிச்சிட்டேனோன்னு பதறிப் போயிட்டேன்!"

சிப் மறுபடி இடம் மாறியது. மெட்டு வீடு அதிரக் கிளம்பியது.

"அப்போ என் மெட்டு?" என்றான் பாவமாக.

"ஒரே பெட்டிதான். முதல்ல நான், அப்புறம் நீங்க."

திருடர்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அதைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். ஸ்க்ரூடிரைவர் மட்டும் அவள் கைப்பையில் பத்திரமாக இருந்தது.